கால் எட்டும் தூரம்

பழைய லாரிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பெடல் கேபினின் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். சேஸிஸோடு சேர்ந்த ஒரு தண்டில் அது அசையும். அங்கிருந்து கம்பிகளும் நெம்புகோல்களும் விசையைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும். எண்ணெய் அழுத்தமோ காற்றழுத்தமோ துணைக்கு வராது. கிளட்ச் ஸ்பிரிங்குகளின் முழுப் பலத்தையும் ஓட்டுநரின் இடது கால்தான் அமுக்கியாக வேண்டும்.

ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து செய்யத் தொடங்கிய லாரிகளும், எண்ணூரிலிருந்து வந்த லேலண்ட் காமெட்டுகளும் ஐரோப்பிய வடிவமைப்பைக் கொண்டவை. ஆனால் ஆலையிலிருந்து பெரும்பாலும் வெறும் சேஸிஸாகவே வெளிவந்தன. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள் போன்றவை அவற்றுக்குக் கேபின் கட்டின. பெடல் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆலை முடிவு செய்தது. சீட்டின் இடத்தைத் தச்சர் முடிவு செய்தார். கால் எட்டாத தொல்லையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. எனவே சீட்டைப் பார்க்காமல் பெடலை மட்டும் திருத்துவது அரைகுறை வேலை.

அந்தக் கால கியர்பெட்டிகள் பலவற்றில் டபுள் கிளட்ச் போட்டாக வேண்டும்: ஒரு கியர் மாற்ற இரண்டு மிதி. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு கியர் இறக்கி ஒரு கியர் ஏற்றினாலே 280 மிதி. எட்டாத பெடலை நுனிக்காலால் மிதிக்கும் ஓட்டுநருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் முழுதாக விடாததால் கியர் கரகரக்கும், பற்கள் தேயும்.

நல்ல ஃபிட்டர் முதலில் வண்டிக்கு அடியில்தான் படுப்பார். பெடல் தண்டின் புஷ்ஷும் கம்பி மூட்டுகளின் பின்னும் தேய்ந்து, துளைகள் முட்டை வடிவமாகியிருக்கும். ஒவ்வொரு மூட்டின் ஆட்டமும் மிதியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அதனால்தான் கால் தரைவரை போக வேண்டியிருக்கிறது. கஷ்டம் மிதியின் தொடக்கத்தில் இல்லை, அதன் கடைசி இரண்டு அங்குலத்தில். லேத்தில் புதிய புஷ் கடைந்து, பின் மாற்றி, கிரீஸ் அடித்தாலே பல வண்டிகளில் அந்தத் தூரம் மீண்டுவிடும். தேய்மானத்தைச் சரிசெய்யாமல் பெடலை வளைக்கும் பட்டறையிடம் பழைய வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

அடுத்தது ஃப்ரீ பிளே. பெடல் கிளட்சைப் பிடிப்பதற்கு முன் சும்மா நகரும் தூரம் அது. பழைய லாரிகள் பலவற்றில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். கம்பியை முறுக்கி இதை அறவே எடுத்துவிட்டால் கிளட்ச் சீக்கிரம் விடுவதுபோல் தெரியும். ஆனால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும், கிளட்ச் வழுக்கும், ஏற்றத்தில் கருகல் வாடை வரும். இந்தக் குறுக்குவழி ஆகவே ஆகாது.

இதற்குப் பிறகும் எட்டவில்லை என்றால்தான் பெடலின் முகத்தில் கட்டை. முதலில் மரக்கட்டையைக் கட்டி ஓட்டுநரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருந்தால் அளவு சரி. பின்பு அதே கனத்தில் இரும்புக் கட்டை செய்து போல்ட்டால் முடுக்கி, மேலே ரப்பர் போடலாம். பெடல் கையின் நீளம் மாறாததால் மிதிக்கும் பலமும் அநேகமாக மாறாது. வேண்டாதபோது கழற்றிவிடலாம், பழைய பாகத்துக்குச் சேதமில்லை. பெடல் கையையே சூடேற்றி வளைப்பது கடைசி வழி. சிவக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் அது நொறுங்கும் தன்மை பெறலாம். தானாக ஆறவிட வேண்டும்.

மீதி வேலை தச்சருக்கும் சீட் தைப்பவருக்கும். சீட்டை மட்டும் முன்னால் தள்ளினால் பெரிய ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும், தூக்கும் தொடை அதன் விளிம்பில் மாட்டும். உயரம் குறைந்தவருக்குச் சாலை தெரிய சீட்டை உயர்த்தினால் பெடல் இன்னும் விலகிப்போகும். சீட்டின் முன்விளிம்பைச் சரித்து, முதுகுக்குத் தென்னைநார்த் திண்டு வைப்பதே பெரும்பாலும் பொருந்துகிறது.

கடைசியாக, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்ப்பார்கள். கரகரப்பில்லாமல் விழ வேண்டும். காலை எடுத்ததும் பெடல் தடையின்றித் திரும்ப வேண்டும். புதிய கட்டை தரைப்பலகையிலோ பிரேக் பெடலிலோ உரசக் கூடாது. சில நாள் ஓடியபின் போல்ட்டையும் ஃப்ரீ பிளேயையும் மறுபடி பார்க்க வேண்டும்.