நந்தவனத்து அறுகும் நான் செஞ்ச தப்பும்

வர்ற ஞாயிறு நந்தவனத்துல கோத்தோங் ரோயோங். அதுக்கு முன்னாடி என் தப்பை ஒத்துக்கணும்.

போன வருசம் விநாயகர் சதுர்த்திக்கு மூணு வாரம் இருக்கும்போது நந்தவனம் முழுக்க புல் மண்டிக் கிடந்தது. எனக்கு நைட் ஷிப்ட், கையால புடுங்க நேரமில்லை. கிளைபோசேட் புல் மருந்து வாங்கி, யாரையும் கேட்காம ஒரே காலையில அடிச்சிட்டேன்.

ரெண்டு வாரத்துல குழாயோரம் இருந்த அறுகு மொத்தமும் காய்ஞ்சு போச்சு. காத்துல பட்டு துளசியும் பாதி கருகிடுச்சு. ஆனா சம்பாவ் புல் அசையாம நிக்குது. கோரையும் திரும்ப முளைக்க ஆரம்பிச்சிடுச்சு. பிறகுதான் தெரிஞ்சுகிட்டேன், இந்த மருந்துக்குச் சாகாத சம்பாவ் நம்ம நாட்டுல 1990களிலேயே இருக்காம்.

அறுகம்புல் மாலை கட்டுற ஆயா கூடையோட வந்து அங்கேயே நின்னுட்டாங்க. திட்டலை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி. நான் தோட்டத்துல மருந்து தோம்பு முதுகுல சுமந்தவ"ன்னு விரலைக் காட்டினாங்க. நகமெல்லாம் கோணிப்போயிருந்தது. அவங்க காலத்துல அடிச்சது பாராகுவாட். அதை 2020ல தான் அரசாங்கம் தடை பண்ணிச்சு. எனக்குப் பேச்சே வரலை.

அதுக்கப்புறம் ஆயாதான் எனக்கு சூப்பர்வைசர்.

கோரைத் தண்டை விரல்ல உருட்டினா மூணு முனை தட்டும். மேல இழுத்தா அறுந்துதான் வரும், கிழங்கு உள்ளே தங்கிடும். ஒரு கிழங்குலேர்ந்து இன்னொண்ணுன்னு மாலை மாதிரி கோத்துகிட்டுப் போகும். சின்னக் கம்பியால ஆழமா நோண்டி எடுக்கணும், திரும்ப முளைச்சா திரும்ப எடுக்கணும். அலுப்பான வேலைதான், வேற வழி இல்லை.

சம்பாவையும் அறுகையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ரெண்டுக்கும் பூ விரல் விரிச்ச மாதிரி இருக்கும். அடியைப் பாருங்க. சம்பாவ் கொத்தா நிக்கும், அடித்தண்டு வெள்ளையா, தட்டையா இருக்கும். அறுகு மெலிசா தரையில படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். சில பேர் சம்பாவைப் பறிச்சு வந்து பிள்ளையாருக்குச் சாத்துறாங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார், ஆயா கோவிச்சுக்குவாங்க.

தொட்டாற்சிணுங்கியை மழை விட்ட மறுநாள், விதை விழறதுக்கு முன்னாடி வேரோட எடுத்துடணும். முள் இருக்கு, வெறுங்கை வேணாம். கீழாநெல்லியில மட்டும் கை வைக்காதீங்க, அது ஆயா கணக்கு.

புடுங்கின இடத்துல ஃபேக்டரி அட்டைப்பெட்டியை ஈரமாக்கி விரிச்சு, மேல காய்ஞ்ச இலை போடப் போறோம். வெளிச்சம் இல்லாட்டி விதை முளைக்கிறது குறையும்.

அறுகு ஒரு நண்பர் வீட்டுலேர்ந்து கொண்டுவந்து நட்டு, இப்போ ரெண்டு பாய் அகலத்துக்குப் படர்ந்திருக்கு. இந்தச் சதுர்த்திக்குப் போதுமான்னு ஆயா தினமும் வந்து பார்க்கிறாங்க.

ஞாயிறு காலை 7.30க்கு வாங்க. கையுறை, சின்ன மண்வெட்டி இருந்தா கொண்டு வாங்க. பசியாறல் கோயில்ல. மருந்து மட்டும் யாரும் எடுத்துட்டு வராதீங்க.