28 வயதில் தட்டடவு

முதல் நாள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு வயது 7. "அக்கா, நீங்க யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நான் பழக வந்திருக்கன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அப்ப ஷோலைக் குறுக்கால இறுக்கிக் கட்டுங்க, இல்லாட்டி டீச்சர் ஏசுவா" என்றாள். பரதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஒழுங்கையில் அந்த வீடு. முன் ஹோல்தான் வகுப்பு. சீமெந்துத் தரை, சுவரில் ஒரு நடராசர் படம், டீச்சருக்கு முன்னால் தட்டுக்கழி. சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் போனால், சில நாட்களில் கேற்றடியில் மான் படுத்திருக்கும். எங்கட ஊரில் மான்கள் மாடு மாதிரி வீதியில் திரியும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

இது நான் 19 வருடம் பிந்தி வந்த வகுப்பு. 2006இல் எனக்கு 9 வயது. "சித்திரை வருசம் முடியச் சேர்த்துவிடுறன்" என்று அம்மா சொல்லியிருந்தா. வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி, ஏப்ரல் 12, சந்தையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கலவரம், எரிந்த கடைகள், ஊரடங்கு. பள்ளிக்கூடம் போய் வருவதே பெரிய காரியமாக இருந்த நேரத்தில் டான்ஸ் கிளாஸைப் பற்றி யார் பேசுவது? யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு அப்படியே நின்றுபோனது. பிறகு பெரியபிள்ளை ஆனேன், ஓ.எல்., ஏ.எல்., வேலை. எங்கட தலைமுறையில் இப்படிச் சத்தமில்லாமல் நின்றுபோன விசயங்கள் எத்தனை பேருக்கு இருக்கும்?

எங்கட பக்கத்தில் நடனம் என்றால் பரீட்சை. வட இலங்கை சங்கீத சபையின் தரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி 'கலாவித்தகர்' வரை போக வேண்டும். அதனால் புதிதாகத் தொடங்குகிற பெரிய ஆளுக்கு என்று தனி வகுப்பு இல்லை. முதலாம் தரத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

நின்றேன். அரைமண்டி என்றால் பார்க்கச் சின்ன வேலை: குதிகாலைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து, முதுகை நேராக வைத்துப் பாதி இருப்பது. சின்னப் பிள்ளைகளின் இடுப்பு அதற்கு லேசாக விரிந்து கொடுக்கும். எட்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து வேலை செய்கிற என் இடுப்பு கொடுக்கவில்லை. அவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்று பாதத்தை மட்டும் வெளியே திருப்பினேன். இரண்டாவது கிழமை முழங்கால் நோ. "பாதத்தைத் திருப்பாதீங்க, தொடையைத் திருப்புங்க. முழங்கால் விரல் பார்க்கிற பக்கம் பார்க்கோணும். எவ்வளவு வருதோ அவ்வளவு காணும்" என்றா டீச்சர். என்னைப் போல பிந்தித் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை எழுதி ஒட்டி வைக்கலாம்.

பிறகு "தெய்யா தெய்". முதலாம் காலத்தில் சமாளிக்கலாம். இரண்டாம் காலம் அதைப் போல இரண்டு மடங்கு வேகம், மூன்றாம் காலம் நாலு மடங்கு. மூன்றாம் காலத்தில் பிள்ளைகளின் கால் சத்தம் மழை மாதிரி விழும். என்னுடையது தகரத்தில் தேங்காய் விழுந்த மாதிரி.

வெட்கமாக இருந்த நாட்களில் நான் ருக்மிணி தேவியை நினைத்துக்கொள்வேன். 1904இல் பிறந்தவர். 1928இல் ரஷ்ய பலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்த பிறகுதான் நடனத்தின் பக்கம் திரும்பினார். முதலில் பலே, பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர். 1935இல் அடையாறில் மேடையேறியபோது வயது 31. அடுத்த வருடம் கலாக்ஷேத்திரா தொடங்கினார்.

ஆனால் இதை 'வயது ஒரு தடையில்லை' என்று மட்டும் சொல்லி முடிப்பது சரியில்லை. வசதியும் செல்வாக்கும் உள்ள பிராமணப் பெண்ணான அவருக்குப் பிந்தித் தொடங்க ஒரு மேடை இருந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த கௌரி அம்மாள் மாதிரியான, சின்ன வயதிலிருந்தே ஆடிவந்த கோயில் மரபுப் பெண்களுக்கு அதே காலத்தில் மேடைகள் மூடிக்கொண்டிருந்தன. 1947இல் மதராஸ் மாகாணச் சட்டம் அவர்களின் கோயில் நடனத்தையே தடை செய்தது. யார் ஆடலாம், எப்போது தொடங்கலாம் என்பதைக் கால் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஊரும் காலமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 2006இல் எனக்கும் அதுதான் நடந்தது.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. "சோதினை எடுக்கப் போறியா?" இல்லை. "அரங்கேற்றம்?" இல்லை. "அப்ப என்னத்துக்கு? உனக்கென்ன விசரா?" என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்ட்டிபிக்கற்றுக்காகவே படித்து வளர்ந்த எனக்கு, ஒன்றுக்கும் உதவாத ஒன்றை, அதையும் மோசமாக, செய்வது எவ்வளவு ஆறுதல் என்று எப்படிச் சொல்வது?

போன கிழமை கரண்ட் போன இரவு. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஹோலில் தட்டிக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து அம்மாவின் குரல்.

"இடது கால் பிந்தி விழுது."

நின்றுவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "வருசம் முடியச் சேர்க்கிறன் எண்டு நான்தானே சொன்னனான்" என்றா.

அது எனக்கு மட்டும்தான் ஞாபகம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முதலாம் காலத்தில் திரும்பவும் தொடங்கினேன், இடது காலைக் கவனித்துக்கொண்டு.