‘கிஃப்’ பலகையின் முன்னே

‘வகஃப’ என்னும் அரபு வினைச்சொல்லின் ஏவல் வடிவம் ‘கிஃப்’. நில் என்று பொருள். வேரின் முதல் எழுத்தாகிய வாவ், ஏவலில் மறைந்துவிடும். எஞ்சுபவை காஃப், ஃபா ஆகிய இரண்டு எழுத்துகள் மட்டுமே. ஸர்ஃப் பாடத்தில் எத்தனையோ ஆண்டுகளாக நாம் இதை மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். ஓதக் கற்கும் சிறுவர்களுக்கு வக்ஃபு குறிகளையும் விளக்குகிறோம். மீம் இட்ட இடத்தில் நின்றே ஆக வேண்டும், ஜீம் இட்ட இடத்தில் நிற்கவும் செய்யலாம், தொடரவும் செய்யலாம் என்று.

அப்படிப்பட்ட நாம், துபாயில் ஓட்டுநர் உரிமத்திற்கான முதல் சாலைத் தேர்வில், அதே இரண்டு எழுத்துகளைத் தாங்கி நின்ற எண்கோணச் சிவப்புப் பலகையின் முன்னே நிற்காமல் சென்று தோற்றோம்.

“ஸ்டாப் பலகையில் நின்றீர்களா?” என்று தேர்வாளர் கேட்டார். நின்றோம் என்றே சொன்னோம். பொய் சொல்லும் எண்ணம் நமக்கு இல்லை, நின்றதாகவே நம்பியிருந்தோம். “வேகத்தைக் குறைத்தீர்கள், நிற்கவில்லை. சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது” என்றார். பின்னிருக்கையில் தம் முறைக்காகக் காத்திருந்த இருவரும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

கார் ஓட்டும் ஆசை நமக்கு என்றும் இருந்ததில்லை. மூச்சிரைப்பு நோயுள்ள நம் இளைய மகளுக்காகவே இதில் இறங்கினோம். 2022ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு நாள், ஃபஜ்ருக்கு முன்பே அவளுக்கு இழுப்பு கண்டுவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குஸைஸ் சாலையோரத்தில் டாக்ஸிக்காகக் காத்து நின்றோம். கடைசியில், முன்பின் அறியாத ஒரு பங்களாதேஷ் சகோதரர் தம் காய்கறி வண்டியை நிறுத்தி எங்களை மருத்துவமனையில் சேர்த்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. வீடு திரும்பியதும் நம் துணைவியார், “ஏங்க, இனியும் யோசிக்காதீங்க. லைசன்ஸை எடுத்துடுங்க” என்றார். சீட்டுப் பணத்தை எடுத்துக் கையில் வைத்தார்.

இந்தியாவில் பெற்ற உரிமம் இருந்தும் இங்கே தேர்வு எதற்கு என்று ஊரில் உள்ளவர்கள் கேட்பதுண்டு. சில நாட்டினர் தம் உரிமத்தைக் காட்டி அப்படியே மாற்றிக்கொள்ளலாம். நமக்கு அந்த வழி இல்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, வாகன நிறுத்தத் தேர்வு, சாலைத் தேர்வு என்று படிப்படியாகத்தான் அப்போது போக வேண்டியிருந்தது. ஆனாலும் ஊர் உரிமத்தால் ஒரு பயன் உண்டு. பயிற்சி நேரம் குறையும். புதிதாகக் கற்பவருக்கு இருபது மணி நேரம் என்றால், ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட உரிமம் வைத்திருப்பவருக்குப் பத்து மணி நேரமே போதும்.

நம்மிடமும் ஓர் உரிமம் இருந்தது. 2009இல் வாங்கியது. அது வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். பைக்குக்காக நாம் விண்ணப்பித்தபோது, “நாளைக்கு வெளிநாடு போற புள்ள, காருக்கும் சேர்த்துப் போட்டுருங்க” என்று மர்ஹூம் வாப்பா ஏற்பாடு செய்தார்கள். பைக்கில் எட்டுப் போட்டது நாமேதான். காரில் நாம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சிப் பள்ளிக்காரர் தம் காலடியில் இருந்த பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து ஒரு நூறு அடி ஓட்டிக் காட்டினார். அட்டை வந்தது. அதன்பின் ஒரு நாள்கூட நாம் கார் ஓட்டியதில்லை.

பயிற்சி நிலையத்தில், “இந்திய லைசன்ஸ் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். எடுத்து நீட்டினோம். “பத்து மணி நேரம்” என்று எழுதிக்கொண்டார்கள்.

நஃப்ஸ் அப்போது நமக்குச் சொன்ன நியாயங்கள் எல்லாம் நினைவில் உள்ளன. அட்டை போலியன்று, அரசாங்கமே வழங்கியது. உரிமம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள், ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லையே! மிச்சமாகும் பணமும் மகளின் மருத்துவத்திற்குத்தானே ஆகும்? பெரும்பாவங்களைச் சொல்லிவந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியம் பற்றிக் கூறும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து அதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்னும் ஹதீஸை அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தியிருந்தோம். அந்த அட்டையும் ஒரு சாட்சியம்தான் என்பது நமக்குத் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்பதே சரி.

எழுத்துத் தேர்வு எளிதாகவே முடிந்தது. தமிழிலேயே எழுதலாம். மனனம் செய்து பழகிய நமக்கு எண்களை நினைவில் வைப்பது பெரிய வேலை அன்று. பள்ளிப் பேருந்து நிறுத்தப் பலகையை நீட்டினால் ஐந்து மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்றுவிட வேண்டும். தவறினால் ஆயிரம் திர்ஹம் அபராதம், பத்துக் கரும்புள்ளிகள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் பன்னிரண்டு புள்ளிகள். இருபத்து நான்கு புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் கையை விட்டுப் போகும். ரவுண்டானாவில் இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் மண்டையில் ஏற மறுத்தது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ரவுண்டானாவை ஊருக்கு நேர் எதிர்த் திசையில் சுற்றுகின்றன. வகுப்பு முடிந்த ஒரு மாலையில் மாணவர்களின் பென்சில் பெட்டிகளைக் கார்களாக்கி, கரும்பலகைத் துடைப்பானைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். டாக்ஸி ஓட்டும் தந்தையின் மகனான பத்து வயதுப் பையன், “இல்ல ஹஜ்ரத், நேராப் போறதுக்கு எதுக்கு உள் லேன்ல நிக்கிறீங்க?” என்று பெட்டியை நகர்த்தி வைத்தான்.

வாகன நிறுத்தத் தேர்வில் இரண்டாம் முறை தேறினோம். இணையாக நிறுத்துவது, சாய்கோணத்தில் நிறுத்துவது, பின்னோக்கிக் கட்டத்துக்குள் புகுத்துவது, சரிவில் நிறுத்துவது, திடீர் பிரேக் ஆகிய எல்லாவற்றுக்கும் அடையாளக் கம்புகளைப் பார்த்துத் திருப்பும் கணக்கு ஒன்று உண்டு. அதை மனப்பாடம் செய்யலாம். சாலையை அப்படிச் செய்ய முடியவில்லை.

நமக்குக் கற்பித்தவர் பெஷாவரைச் சேர்ந்த பெரியவர். அவரை நாம் உஸ்தாத் என்றோம்; நம் தாடியையும் தொப்பியையும் பார்த்து அவர் நம்மை மௌலவி ஸாஹிப் என்றார். மதரஸாவில் நாம் கற்ற உருதுவுக்கும் அவர் வாயில் புரண்ட உருதுவுக்கும் இடையே ஒரு கைபர் கணவாயே இருந்தது. ‘ஷீஷா, ஷீஷா’ என்று அவர் அதட்டும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் விரைவில் பழகிவிட்டது. முதல் நாளே நம் கோப்பைப் புரட்டி, “பதின்மூன்று வருட லைசன்ஸா? அப்படியானால் பழைய பழக்கங்களை உடைப்பதுதான் வேலை” என்றார். அவருடைய அனுபவத்தில் இந்திய ஓட்டுநர் இடப்பக்கம் ஒதுங்குவார், காரணமின்றி ஹார்ன் அடிப்பார், கண்ணாடியைப் பார்க்கமாட்டார். பத்து மணி நேரமும் அவர் அந்தப் பழக்கங்களோடு போராடினார். அவற்றில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பழக்கம் வர ஓட்டியிருக்க வேண்டுமல்லவா? பிரேக்கை எவ்வளவு மிதித்தால் வண்டி குலுங்காமல் முழுமையாக நிற்கும் என்பதை அவர் சொல்லித் தரவேயில்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஓட்டியவருக்கு அதை யார் சொல்லித் தருவார்?

முதல் தோல்வியை மேலே சொல்லிவிட்டோம். இரண்டாம் தேர்வில், லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தோம், இண்டிகேட்டர் போட்டோம், தோளுக்குப் பின்னே திரும்பிப் பார்க்கத் தவறினோம். கண்ணாடியில் விழாத அந்த இடத்தில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் தேர்வில், ரவுண்டானா காலியாக இருந்தபோது தயங்கி நின்றோம். பின்னாலிருந்து ஹார்ன் ஒலித்ததும் பதறி, இடமில்லாதபோது நுழைந்தோம். தேர்வாளரின் கால் அவர் பக்கத்துப் பிரேக்கில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் கட்டாயக் கூடுதல் வகுப்புகள், மறுபடியும் கட்டணம். சீட்டுப் பணம் கரைந்துவிட்டது.

அன்று மக்ரிபுக்குப் பின் உறக்கம் வந்த கண்களுடன் அமர்ந்திருந்த மாணவர்களுக்குத் தொழுகைப் பாடம். மஸ்ஜிதுந் நபவீயில் அவசரமாகத் தொழுத ஒரு மனிதரின் ஹதீஸ் வந்தது. அவர் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்னார். நீர் தொழவில்லை, திரும்பிச் சென்று தொழும் என்று நபியவர்கள் (ஸல்) அனுப்பிவைத்தார்கள். மூன்று முறை அப்படியே நடந்தது. அதன்பிறகு அம்மனிதர், இதைவிட நன்றாகத் தமக்குத் தெரியாது என்றும் தமக்குக் கற்றுத்தருமாறும் கேட்டார். அப்போதுதான் ருகூவில் அசைவின்றி நிலைபெறுவது எப்படி, ஸுஜூதில் நிலைபெறுவது எப்படி என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். எத்தனையோ முறை நடத்திய பாடம்தான். ‘மூன்று முறை’ என்று சொன்ன இடத்தில் அன்று நம் குரல் நின்றுவிட்டது. “ஹஜ்ரத், நீங்களும் மூணு தடவை ஃபெயிலாமே?” என்று பின்வரிசையில் ஒரு குரல். அதட்ட மனம் வரவில்லை. ஆம் என்றோம்.

மறுநாள் பயிற்சி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி உஸ்தாதிடம் எல்லாவற்றையும் கூறினோம். இந்தியாவில் நாம் கார் ஓட்டியதே இல்லை, நமக்கு எதுவும் தெரியாது, தொடக்கத்திலிருந்து சொல்லித் தாருங்கள் என்றோம். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். சற்று நேரம் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்துவிட்டு, “மௌலவி ஸாஹிப், இல்லாத நோய்க்கு இத்தனை நாள் மருந்து கொடுக்க வைத்துவிட்டீர்களே” என்றார்.

அலுவலக மேசையிலும் போய்ச் சொன்னோம். அங்கிருந்த மலையாளச் சகோதரிக்கு முதலில் நாம் சொல்வது விளங்கவில்லை. உரிமம் செல்லாதா என்று கேட்டார். செல்லும், ஆனால் அது சொல்வது உண்மையில்லை என்றோம். கோப்பில் இனி எதையும் மாற்ற இயலாது, வேண்டுமானால் கூடுதல் நேரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். குறைத்துக்கொண்ட அதே பத்து மணி நேரத்தை வாங்கினோம். பணத்திற்கு ஒரு நண்பரிடம் கைமாற்று. துணைவியாரிடம் அட்டையின் கதையைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “புள்ளைய வச்சுக்கிட்டு ஓட்டப் போற வண்டி. பொய்யா பாஸாகியிருந்தா?” என்று மட்டும் கேட்டார்.

புதிய பத்து மணி நேரத்தின் முதல் இரண்டு மணி நேரம் முழுவதும் வெற்று மைதானத்தில் நிற்கப் பழகினோம். ஓட்டுவது, நிறுத்துவது, மறுபடி ஓட்டுவது, நிறுத்துவது. வண்டி நின்ற பிறகு அதன் உடல் லேசாகப் பின்னுக்குச் சாய்ந்து அடங்கும். அந்த அடக்கம் வரும்வரை அது நின்றதாகாது என்றார் உஸ்தாத். ருகூவில் மூட்டுகள் தம் இடத்தில் அமரும் துமஃனீனாவைச் சிறுவர்களுக்கு எப்படி விளக்குவது என்று பல ஆண்டுகளாகத் தடுமாறி வந்த நமக்கு அன்று ஓர் உவமை கிடைத்தது.

நான்காம் தேர்வில் அல்ஹம்துலில்லாஹ் தேறினோம். ‘கிஃப்’ பலகையின் முன்னே மூன்று தஸ்பீஹ் சொல்லும் நேரம் நின்றோம். தேர்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறோம். மகள் முன்னைவிட நலமாக இருக்கிறாள்; இதுவரை இரவில் ஒரே ஒரு முறைதான் மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்ல நேர்ந்தது. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, மச்சான் தம் கார்ச் சாவியை நீட்டி, “துபாய் லைசன்ஸே எடுத்துட்டீங்க, ஊர் லைசன்ஸும் இருக்கு. நீங்களே ஓட்டுங்க” என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். சாலையின் இடப்பக்கம் ஓட்ட நமக்கு இன்னும் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் அமர, நாம் மகளுடன் பின்னால் ஏறிக்கொண்டோம்.