சிவப்பு நிரை

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசுக்கு செக்ரோல் (வருகைப் பதிவேடு) மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரியை எழுதாமல் விட்டேன். ஓர் அக்கா அவமானப்பட்டார். கணக்கெழுதும் கிராணி ஒருவர் பழி சுமந்தார். நான் வாய் திறக்கவில்லை.

சிவப்பு என்றால் என்னவென்று தெரியாதவன் இல்லை. நான் பிறந்தபோது எங்கள் லய வீடுகளைச் சுற்றி ரப்பர் மரம்தான். அப்பா பால் வெட்டினார். செக்ரோல் புத்தகத்தில் அவர் பேருக்கு நேரே சிவப்பு மை விழுந்தால், மறுநாள் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில் பேர் சொல்லி ஏசுவார்கள். அன்று அப்பா சாப்பிட மாட்டார். இதைப் பார்த்து வளர்ந்த நான்தான் அந்தச் சிவப்பைத் திரையில் வைத்தேன்.

டபிள்யூபிஎஃப் டேட்டாகிரிட் என்ற அட்டவணைக் கருவியில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திகளுக்குச் சாம்பல் நிறம். சொல்லாமல் மூன்று நாள் வராதவரின் நிரை முழுக்கச் சிவப்பு. பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகில் எனக்குக் கர்வம்.

பட்டியலில் இருநூறு பேர். திரையில் தெரிவது இருபது சொச்சம். கிரிட் இருநூறு நிரைகளையும் செய்து வைப்பதில்லை. உருட்ட உருட்ட, மேலே மறைந்த நிரையையே எடுத்துக் கீழே அடுத்த பேருக்குப் போடும். பேர் மாறும். நாம் பூசிய நிறம் தானாக அழியாது. ‘மூன்று நாள் வராவிட்டால் சிவப்பு’ என்று எழுதியிருந்தேன். ‘இல்லாவிட்டால் வெள்ளை’ என்று எழுதவில்லை. நிறத்தை ஆளின் தகவலோடு கட்டிவிட டேட்டாட்ரிகர் என்று ஒரு வழி உண்டு. அதுவும் தெரியும். சோம்பல். பன்னிரண்டு பேரை மட்டும் போட்டுச் சோதித்தேன். உருட்ட வேண்டியே வரவில்லை.

கிராணி போன் செய்தார். “தம்பி, மேலயும் கீழயும் போனா சிவப்பு ஆள் மாறுதுப்பா.”

அறுபதை நெருங்கியவர். “ஐயா, கண்ணாடிய மாத்துங்க” என்றேன். திரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் மறுபேச்சு பேசவில்லை. தன் கண்ணை விட்டு என் சொல்லை நம்பினார்.

உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா அந்த மாதம் ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடவில்லை. அவர் நிரை சிவந்து கிடந்தது. கிராணி அப்படியே எழுதி மேலே அனுப்பினார். பெரட்டில் எல்லார் முன்னும் ஏச்சு. வருகைக்கான படியும் நின்றது. “மழையிலகூட வந்தேனே” என்று ஆபீஸ் படியில் நின்று அழுதாராம்.

அன்றுதான் திறந்து பார்த்தேன். திருத்த இரண்டு நிமிடம் ஆனது. என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். “புது வெர்ஷன் போட்டிருக்கேன்” என்றேன். உண்மையைச் சொன்னால் அடுத்த தோட்டத்து வேலை கிடைக்காது என்ற பயம். கிராணிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அக்காவுக்குப் பணம் மறுமாதம் வந்தது. அவர் மேல் தப்பில்லை என்று பெரட்டில் யாரும் சொல்லவில்லை.

கிராணி ஓய்வு பெற்றபின் அவரை பெஸ்தாரி ஜெயா சந்தையில் ஒருமுறை பார்த்தேன். அவரே வந்து கையைப் பிடித்தார். “கண்ணாடிய மாத்திட்டேன் தம்பி. நூத்தெண்பது வெள்ளி ஆச்சு” என்று கழற்றிக் காட்டினார்.

நல்லா இருக்குங்க ஐயா என்றேன்.