சாரல் வரும் வழி

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று நுழைந்து, குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாய்த் தூறுகிறது. அதே கணவாயை நோக்கி, புளியரைச் சாவடியைக் கடந்து, கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குச் செல்கின்றன. காற்று உள்ளே வருகிறது. மலை வெளியே போகிறது!

பூமிக்கடியில் எண்ணெய் இருந்தால் உழவனுக்கு என்ன நேரும் என்ற அச்சம் காவிரிக் கரையில் பிறந்தது. 2017-இல் நெடுவாசல் ஜனங்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பல நாள் பந்தலில் அமர்ந்தார்கள். 2020-ஆம் வருஷச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், ஷேல் வாயுக் கிணறுகளைத் தடுத்தது. தென்காசி அதன் எல்லைக்குள் இல்லை. இங்குள்ள பாறை ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. அதில் எண்ணெய் அகப்படாது. ஆனால் பாறையே பணமாயிற்றே!

கெட்டிப் பாறையில் தண்ணீர் தங்குமிடம் அதன் வெடிப்புகள்தாம். குவாரிப் பள்ளம் அக்கம்பக்கத்துக் கிணறுகளைவிட ஆழமாகிவிட்டால், வெடிப்பு நீர் பள்ளத்தை நாடி ஓடுகிறது. அதை இறைத்து வெளியே கொட்டக் கொட்ட, தோட்டக் கிணறு வற்றுகிறது. அருவியாட வந்த நாமோ புழுதிக்குப் பயந்து மோட்டார்க் கண்ணாடியை ஏற்றிக் கொள்கிறோம்.

கேரளத்தாரைக் குறை கூறிப் பயனில்லை. அனுமதி தருவது நம் சர்க்கார்தான். தருமுன் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பஞ்சாயத்துப் பலகையில் எழுதிவைக்கட்டும். வருஷந்தோறும் ஊரார் முன்னிலையில் மறுபடியும் அளக்கட்டும்.