கமா படுத்திய பாடு

பத்து லட்சத்தை எப்படி எழுதுவீர்கள்? 10,00,000 என்றுதானே? கம்ப்யூட்டரிடம் விட்டால் பெரும்பாலும் 1,000,000 என்று எழுதிக் காட்டும். தொகை ஒன்றுதான். ஆனால் நம்மூர்க் கணக்கர் அதை ஒரு நொடி நின்று, எண்ணிப் பார்த்துத்தான் படிப்பார். இந்தக் கமாவை நகர்த்தப் போன ஒரு பி.காம். மாணவனின் கதை இது.

அவன் மாலை நேரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே பில் விவரங்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். பெயர், தேதி, தொகை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைத்த சரக்கு என்று அதை நினைத்துக் கொள்ளுங்கள். அதைக் கண்ணால் படிக்கக்கூடிய பக்கமாக மாற்றித் தருவது எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட். எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த ஒரு ஸ்டைல்ஷீட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பல வருடம் ஓடிக் கொண்டிருந்தது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த உலாவிக்கு விடை கொடுத்தது. அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பில் வரவேண்டிய இடத்தில் வெற்றுப் பக்கம்தான் வந்தது.

கோப்பைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. 1999 நவம்பரில் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எஸ்எல்டி 1.0-ல் எண்ணை அழகாக எழுத ஒரு ஃபங்ஷன் உண்டு. ஆனால் அது ஒரே சீரான இடைவெளியில்தான் கமா போடும். முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்ற நம் வழக்கம் அதற்குத் தெரியாது. அதனால் பழைய ஆசாமி ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே ஒரு ஜேஸ்கிரிப்ட் ஃபங்ஷனைச் செருகி வைத்திருந்தார். இது மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்குச் சேர்த்த வசதி. தரத்தில் கிடையாது. மற்ற கருவிகளுக்குப் புரியாது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எக்ஸ்எம்எல் 6.0-விலேயே, நாமாக அனுமதி கொடுத்தால் ஒழிய அந்த ஸ்கிரிப்ட் ஓடாது.

முதலில் அவன் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். ஒரு சின்ன நிரல் எழுதி அந்த அனுமதியைத் திறந்துவிட்டான். பில் வந்தது. ஆனால் நம் ஸ்கிரிப்டுக்குத் திறந்த கதவு, மின்னஞ்சலில் வரும் அந்நிய ஸ்டைல்ஷீட்டுக்கும் திறந்த கதவுதானே? ஊரார் கணக்கெல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர் அது. அன்றைக்கே மூடிவிட்டான்.

அடுத்த முடிவு, ஸ்கிரிப்டே வேண்டாம் என்பது. எக்ஸ்எஸ்எல்டியில் ஒரு மாறிக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. ஆகவே எண்ணிக்கொண்டே சுற்றும் வழக்கமான லூப் உதவாது. ஒரு டெம்ப்ளேட் தன்னைத்தானே மறுபடி அழைக்க வேண்டும். தொகையை ஆயிரத்தால் வகுத்து மீதியை எடுத்துக்கொள், மிச்சத்தை நூறு நூறாக வகு என்று எழுதினான். 1234567 கொடுத்தான். 12,34,567 என்று வந்தது. அப்பாடா!

மறுநாள் ஒரு லட்சத்து ஐந்து ரூபாய் பில் வந்தது. தாளில் 1,0,5 என்று நின்றது. வகுத்த மீதி 5 என்றால் அது வெறும் 5 தான், 005 ஆகாது. அவன் சோதித்துப் பார்த்த எண்ணில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. அதனால்தான் முதல் நாள் தவறு தெரியவில்லை. ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போவதாலேயே கணக்கில் தவறில்லை என்று ஆகிவிடாது என்று வகுப்பில் படித்தோமே, அதேதான்!

நல்லவேளை, பில் வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. இந்த முறை தொகையை எண்ணாகப் பார்க்காமல் எழுத்துகளின் வரிசையாகப் பார்த்தான். பைசாவைத் தனியே பிரித்து வைத்தான். கடைசி மூன்று இலக்கங்களை வெட்டினான். மிச்சத்தை இரண்டிரண்டாக வெட்டினான். பூஜ்யங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் பத்தாயிரம் ரூபாய் கிரெடிட் நோட் -,10,000 என்று வந்தது. கழித்தல் குறியையும் ஓர் இலக்கமாக எண்ணிவிட்டதன் விளைவு. குறியை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் ஒட்டினான். அதன் பிறகுதான் சரியானது.

2007-ல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0-ல் இவ்வளவு பாடு இல்லை. வடிவத்தில் எந்த இடத்தில் கமா வைக்கிறோமோ அந்த இடத்தில் விழும். ஆனால் உலாவிகள் 1.0-ஐத் தாண்டவே இல்லை. அந்த 1.0-ஐயும் நீக்கப் போவதாக 2025-ல் குரோம் குழு அறிவித்தது. அதனால் மாற்றும் வேலையை உலாவியிடம் விடாமல், தனிக் கருவியில் செய்துகொள்வதே நல்லது.

இப்போது அவன் மேசையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் 0, 5, 999, 1,000, 1,00,005, -10,000 என்று சில எண்கள். ஸ்டைல்ஷீட்டில் ஓர் எழுத்து மாற்றினாலும், அவை எல்லாம் சரியாக வந்த பிறகுதான் பில் வெளியே போகும். நீங்களும் உங்கள் மேசைக்கு அப்படி ஒரு சீட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அதில் பூஜ்யங்களை மறந்துவிடாதீர்கள்!