தாமதமாக வந்த ‘ஆமா’

ஏற்காடு கோடை விழா மேடை. வில், குடம், உடுக்கையோடு பல வருடங்களாக ஊர் ஊராய்ப் போய்ச் சிரிக்கவைக்கும் வில்லுப்பாட்டுக் குழுவில் அன்று ஒரு புதுமுகம், கல்லூரி மாணவி.

புலவர் கதை சொல்லச் சொல்ல, ‘ஆமா’ போடுவது அவள் வேலை. நகைச்சுவை எடுபடுவதே அந்த ஒரு சொல்லில்தான். கூட்டத்தைக் கண்டதும் தொண்டை அடைத்தது. ‘ஆமா’ தாமதமாக வந்தது.

“சேலத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ‘ஆமா’. கொஞ்சம் லேட்டாத்தான் வரும்!” என்றார் புலவர். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அடுத்த ‘ஆமா’ சரியாக விழுந்தது.

புதியவரைக் கைதூக்கிவிடுவது இந்தக் கலையில் புதிதல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துவந்த நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகம், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். தன் மகள் பாரதி திருமகனையும் மேடையேற்றினார்.

மலையிறங்கும்போது அவள் கேட்டாள்: “ஐயா, சொதப்பிட்டேன்ல?”

மொத்தக் குழுவும் ஒரே குரலில் சொன்னது: “ஆமா!”